விளக்கம் கிடைக்காத அந்த 701 சம்பவங்கள் எதற்குச் சான்று?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: பறக்கும் தட்டு, ஆவி, அமானுஷ்யம் என்று வரும் பெரும்பாலான செய்திகளுக்குச் சாதாரண விளக்கம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அமெரிக்க விமானப்படையே 701 சம்பவங்களை விளக்க முடியாமல் விட்டிருக்கிறது, பயிற்சி பெற்ற விமானிகள் நேரில் பார்த்திருக்கிறார்கள், கடற்படை வீடியோவே இருக்கிறது, ஆவியை உணர்ந்தேன் என்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், இந்த மீதியை மட்டும் ஏன் ஏற்க மறுக்கிறீர்கள்? கேள்வியில் கொஞ்சம் கோபம் தெரிகிறது. அது நியாயம்தான். எதைச் சொன்னாலும் ‘வெள்ளிக் கோள்’, ‘பலூன்’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கும் எரிச்சல் வரும். இந்தக் கேள்வியின் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு சம்பவத்துக்கு விளக்கம் கிடைக்கவில்லை என்றால், அது வானத்தில் இருந்த பொருளைப் பற்றி நமக்கு ஏதாவது சொல்கிறதா, இல்லை நம் கையில் இருக்கும் தகவலைப் பற்றித்தான் சொல்கிறதா?

பிழைப்புக்கு நான் செய்வது, வெப்பத்தைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராக்களைச் சோதித்து அளவு சரிபார்க்கும் வேலை. இரவில் தொலைநோக்கி வைத்து வானம் பார்ப்பது பல வருடப் பழக்கம். அதனாலேயே ‘நேற்று ராத்திரி ஒன்று பார்த்தேன், என்னவென்று சொல்லுங்கள்’ என்று வருகிறவர்கள் உண்டு. விமானம் ஓட்டியதில்லை, மருத்துவம் படித்ததில்லை. கேமராவையும் வானத்தையும் பற்றி உறுதியாகப் பேசுவேன்; தூக்கம், மூளை பற்றிச் சொல்வதைப் படித்துத் தெரிந்துகொண்டவன் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த எண். 1947 முதல் 1969 வரை அமெரிக்க விமானப்படைக்கு வந்து சேர்ந்த தகவல்கள் 12,618. பறக்கும் தட்டுத் தகவல்களை விசாரிக்க விமானப்படை 1952-ல் தொடங்கிய புளூ புக் திட்டம் 1969-ல் மூடப்பட்டபோது 701 தகவல்கள் அடையாளம் காணப்படாதவை என்ற பட்டியலில் நின்றன; நூற்றுக்கு ஐந்தரைக்குக் கொஞ்சம் மேல். இதைக் கேட்டதும் மனது ‘அந்த ஐந்தரைதான் நிஜம்’ என்று தாவுகிறது. ஒரு தபால் நிலையத்தில் விலாசம் மழையில் கரைந்துபோன கடிதங்கள் கொஞ்சம் தேங்கிக் கிடக்கும். அவை இல்லாத ஊருக்கு எழுதப்பட்டவை என்று யாரும் நினைப்பதில்லை. எழுத்து அழிந்துவிட்டது, அவ்வளவுதான். விளக்கம் கிடைத்த ஒன்றுக்கும் கிடைக்காத ஒன்றுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் நேரம், திசை, உயரக் கோணம், இரண்டாவது சாட்சி ஆகியவை கிடைத்தனவா என்பதுதான். 1970-களில் ஆலன் ஹெண்ட்ரி என்பவர் 1,300-க்கும் மேற்பட்ட தகவல்களைச் சுடச்சுட, பார்த்தவர்களோடு உடனே பேசி விசாரித்தார். கிட்டத்தட்ட பத்தில் ஒன்பதுக்கு விடை கிடைத்தது. நட்சத்திரம், கோள், விண்கல், இவற்றோடு இரவில் விளம்பர விளக்குகள் ஏந்திப் பறந்த சிறு விமானங்கள். அந்த விளக்கு வரிசையைச் சாய்வாகப் பார்த்தவர்கள், ஓரத்தில் ஜன்னல்களோடு சுழலும் தட்டு என்று விவரித்திருந்தார்கள். பார்த்தது உண்மை, விவரித்ததில் பொய் இல்லை. தட்டு மட்டும்தான் இல்லை.

இங்கே உங்கள் பக்கம் உள்ள வலுவான வாதம் ஒன்றை நானே எடுத்து வைக்கிறேன், ஏனென்றால் மறுப்பவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. விமானப்படைக்காக அமெரிக்காவின் பேட்டெல் (Battelle) நினைவு ஆய்வு நிறுவனம் அந்தத் தகவல்களில் மூவாயிரத்துச் சொச்சத்தைப் புள்ளியியல் முறையில் அலசி, 1955-ல் வெளிவந்த அறிக்கையில் தந்தது. தரம் குறைந்த தகவல்களைவிட, மிகச் சிறந்தவை என்று மதிப்பிடப்பட்ட தகவல்களில்தான் விளக்கம் கிடைக்காதவை விகிதத்தில் அதிகம். சுமார் மூன்றில் ஒரு பங்கு. தகவல் போதாமைதான் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? நல்ல கேள்வி. என் பதில் இரண்டு. தகவல் போதாதவற்றுக்கு அந்த ஆய்வில் தனிப் பிரிவு இருந்தது. மோசமான தகவல்கள் அதில் போய் விழுந்துவிட்டால், மோசமானவற்றில் ‘அடையாளம் காணப்படாதவை’ இயல்பாகவே குறையும். அடுத்தது, ‘மிகச் சிறந்தது’ என்ற மதிப்பீடு பெரும்பாலும் சாட்சியின் நம்பகத்தன்மையையும் சொன்னதன் கோர்வையையும் பார்த்துத் தரப்பட்டது. அளவீட்டைப் பார்த்து அல்ல. ஒரு கர்னல் தெளிவாகச் சொல்வதும் அந்தப் பொருள் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பது தெரிவதும் வேறு வேறு. இந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. ஆனால் இது வாதம்தான், நிரூபணம் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, சாட்சிகளுக்கு வருவோம். 1968 மார்ச் 3 இரவு, சோவியத் ஒன்றியம் ஏவிய சோண்ட் 4 விண்கலத்தோடு தொடர்புடைய பாகங்கள் காற்றுமண்டலத்தில் நுழைந்து எரிந்தபடி அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைக் கடந்தன. தனித்தனியாக எரியும் சில துண்டுகள், பல பத்து கிலோமீட்டர் உயரத்தில். பலர் அதைச் சரியாகவே விவரித்தார்கள். ஆனால் டென்னசியில் நின்றிருந்த, நல்ல படிப்பும் பொறுப்பும் உள்ள மூன்று பேர் பார்த்தது தடித்த சுருட்டு வடிவக் கலம்; பக்கவாட்டில் சதுர ஜன்னல்கள், உலோகத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்தது போன்ற உடல், சுமார் ஆயிரம் அடி உயரத்தில் ஓசையின்றிப் போனது. ஒஹையோவில் ஓர் ஆசிரியை பைனாகுலர் வழியே பார்த்தது கவிழ்த்த தட்டு வடிவில் மூன்று. அவருடைய நாய் பயந்து முனகியதாகவும் எழுதியிருக்கிறார். பறக்கும் தட்டுகள் பற்றிக் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடந்த காண்டன் குழு ஆய்வில் வானியலாளர் வில்லியம் ஹார்ட்மன் இந்தக் கடிதங்களை எல்லாம் வரிசைப்படுத்திக் காட்டியிருக்கிறார். சோண்ட் 4 என்பது தெரியாமல் டென்னசிக் கடிதம் மட்டும் நம் கைக்கு வந்திருந்தால்? மூன்று சாட்சிகள், ஒத்த வாக்குமூலம், ஜன்னல் எண்ணிக்கை வரை விவரம். நானும் அதை முதல்தரச் சம்பவம் என்றுதான் வைத்திருப்பேன். இருட்டில் சேர்ந்து நகரும் சில புள்ளிகளைக் கண்டால், அவற்றுக்கு நடுவே ஓர் உடலை மூளை தானாகவே வரைந்துவிடுகிறது.

பயிற்சி பெற்றவர்கள் விஷயமும் இதே. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக்கில் பாங்காங் ஏரிப் பக்கம் இருந்த இந்திய ராணுவத்தினர், அடையாளம் தெரியாத ஒளிப்பொருள்களை 329 முறை பதிவு செய்தார்கள். சீனாவின் உளவு டிரோன்கள் என்று சந்தேகம். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தினர் அவற்றின் நிலையை நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்ன விடை: வியாழனும் வெள்ளியும். உயரமான இடம், தூசியில்லாத காற்று. கோள்கள் அங்கே நாம் பழகியதைவிடப் பளிச்சென்று தெரியும். அந்த ஜவான்களைக் கேலி செய்ய இதில் ஒன்றுமில்லை. எல்லையில் நிற்பவரின் வேலை ஆபத்தைத் தேடுவது. வானியல் அட்டவணை பார்ப்பது அல்ல. விமானிக்கும் அப்படித்தான். எதிரே ஒளி தெரிந்தால் ‘மோதுமோ’ என்று முதலில் எண்ணுவதுதான் நல்ல விமானிக்கு அழகு, அது உயிரைக் காப்பாற்றும். புளூ புக்கின் வானியல் ஆலோசகராக இருந்து, பிற்காலத்தில் இந்த விஷயத்தைப் பரிவோடு அணுகிய ஆலன் ஹைனெக்கே, விமானிகள் எதிர்பார்த்ததைவிடச் சுமாரான சாட்சிகள் என்று எழுதியிருக்கிறார். பலர் சேர்ந்து பார்த்தால் பிழை குறையும் என்பதும் நிச்சயமில்லை. முழு இருட்டில் அசையாத ஒளிப்புள்ளி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது அலைவதாகத் தோன்றும். உளவியலாளர் முஸாஃபர் ஷெரிஃப் 1935-ல் வெளியிட்ட சோதனையில், தனியாகப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு தூரம் சொன்னார்கள். குழுவாக உட்காரவைத்ததும் எண்கள் மெல்ல நெருங்கி ஒன்றுபோல் ஆகிவிட்டன. புள்ளி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

இப்போது வீடியோக்கள். இது என் தொழில் பக்கம் என்பதால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். 2020 ஏப்ரலில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் அதிகாரபூர்வமாக வெளியிட்ட மூன்று கடற்படை வீடியோக்களில் ஒன்று ‘கோ ஃபாஸ்ட்’. கடல்மேல் ஒரு வெண்புள்ளி அசுர வேகத்தில் உரசிக்கொண்டு பறப்பது போலத் தெரியும். விமானிகளின் ஆரவாரமும் கேட்கும். ஒலியை அணைத்துவிட்டுத் திரையின் ஓரத்து எண்களைப் படியுங்கள். விமானத்தின் உயரம் 25,000 அடி. கேமரா கிடைமட்டத்திலிருந்து 26 டிகிரி கீழே பார்க்கிறது. பொருளின் தொலைவு 4.4 கடல் மைல், அதாவது சுமார் 26,700 அடி. பள்ளிக்கூட முக்கோணவியல் போதும்: 26,700 அடியை 26 டிகிரியின் சைன் மதிப்பான 0.438-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 11,700. பொருள் விமானத்துக்குக் கீழே அவ்வளவு தூரம் என்றால், கடலுக்கு மேலே 13,000 அடிக்குச் சற்று அதிகம். கடலை உரசவே இல்லை. பின்னணியில் ஓடும் அலைகள் பொருளைவிட இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கின்றன. நாம் வேகம் என்று பார்ப்பதில் பெரும்பங்கு படம் பிடித்த விமானத்தின் வேகம். 2023 செப்டம்பரில் வந்த நாசா சுயாதீனக் குழுவின் அறிக்கையும் இதே கணக்கைப் போட்டு, சுமார் 13,000 அடி உயரம், சராசரி வேகம் மணிக்கு 40 மைல் அளவு என்றது. அந்த உயரத்தில் வீசும் காற்றின் வேகம்தான் அது. திரையில் உள்ள தொலைவு எண் சரியாக இருந்தால் இந்த முடிவில் ஐயமில்லை. அது பலூனா, பறவையா, வேறேதாவதா என்பது அந்த வெண்புள்ளியிலிருந்து தெரியாது. ‘அசாதாரண வேகம்’ என்ற பேச்சு மட்டும் முடிந்துவிட்டது.

அந்த மூன்றில் இன்னொன்றான, மேகங்களுக்கு மேலே ஒரு பொருள் சுழல்வது போலத் தெரியும் ‘கிம்பல்’ வீடியோவில் என் உறுதி குறைகிறது. மிகச் சூடான ஒரு பொருளைத் தெர்மல் கேமரா பார்த்தால் திரையில் விழுவது பொருளின் வடிவம் அல்ல. லென்ஸுக்குள்ளும் உணரியிலும் அந்த ஒளி வழிந்து பரவிய திட்டு. அந்தத் திட்டின் வடிவத்தைத் தீர்மானிப்பது கேமராவின் உள் அமைப்பு. இதை நான் தினமும் பார்க்கிறேன், இதில் சந்தேகமில்லை. கேமராவின் உள்பாகம் சுழன்றால் திட்டும் சேர்ந்து சுழலும், மேகங்கள் சுழலாது. அந்த வீடியோவில் தெரிவது தூரத்து ஜெட் என்ஜினின் ஒளித்திட்டு, சுழன்றது கேமரா என்ற விளக்கம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் பொருளின் தூரம் திரையில் இல்லை, ரேடார் பதிவு பொதுவெளியில் இல்லை. ஆகவே பொருத்தமான விளக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். 2004-ல் நிமிட்ஸ் கப்பல் குழுவின் விமானிகள் கண்ணால் பார்த்ததாகச் சொல்லும் வெள்ளைப் பொருள் விஷயத்தில் அதுகூட இல்லை. அவர்களில் ஒருவரான டேவிட் ஃப்ரேவர் சொல்வது நேர்மையான வாக்குமூலம் என்றே நினைக்கிறேன். அவர் என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. தூரம் தெரியாத பொருளின் அளவையும் வேகத்தையும் கண்ணால் கணிக்க யாராலும் முடியாது என்பது மட்டும் தெரியும். பச்சை நிறத்தில் மின்னும் முக்கோணங்கள் தெரிந்த 2019 வீடியோ எளிது: ஃபோகஸ் தவறிய ஒளிப்புள்ளி, ஒளி வரும் வழியில் இருக்கும் துளையின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். 2022 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் கடற்படை உளவுப் பிரிவு அதிகாரியே அதை இரவுப் பார்வைக் கருவியும் கேமராவும் சேர்ந்து உண்டாக்கிய தோற்றம் என்று சொல்லிவிட்டார்.

‘ரேடாரிலும் விழுந்ததே’ என்பார்கள். ரேடார் திரை என்பது வடிகட்டிய பிறகு மிஞ்சியது. பறவைக் கூட்டம், மழை, மெதுவாக நகரும் பொருள் எல்லாவற்றையும் மென்பொருள் கழித்துவிட்டுத்தான் காட்டும். 2023 பிப்ரவரியில் சீன பலூனைச் சுட்டு வீழ்த்திய பிறகு வட அமெரிக்க வான் பாதுகாப்புப் பிரிவு மெதுவான, சிறிய பொருள்களுக்கான வடிகட்டியைத் தளர்த்தியது; அடுத்தடுத்த நாட்களில் மூன்று மர்மப் பொருள்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. வானம் மாறவில்லை, வடிகட்டி மாறியது.

அமானுஷ்யத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நள்ளிரவில் விழிப்பு வந்து, உடல் அசையாமல், மார்பில் யாரோ உட்கார்ந்திருப்பது போல உணர்வது, பலர் அமுக்குவான் என்று சொல்வது, தூக்க முடக்கம் என்ற நன்கு ஆராயப்பட்ட நிலை. கனவுத் தூக்கத்தில் தசைகள் செயலற்றுக் கிடக்கும். அது விலகுமுன் விழிப்பு வந்துவிட்டால் கனவும் அறையும் கலந்து தெரியும். மக்களில் சுமார் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்திருக்கிறது என்கிறார்கள். ‘வேற்றுக்கிரகவாசிகள் கடத்திப் போனார்கள்’ என்ற கதைகளில் ஒரு பகுதி இப்படித்தான் தொடங்குகிறது. எல்லாமே இதுதான் என்று சொல்ல மாட்டேன். இன்னொன்று, 1921-ல் ஒரு கண் மருத்துவ இதழில் வில்லியம் வில்மர் எழுதிய குடும்பம்: காலடிச் சத்தம், படுக்கையருகே உருவங்கள், எல்லோருக்கும் தலைவலி. காரணம், பழுதான உலையிலிருந்து அறைகளுக்குள் வந்த கார்பன் மோனாக்சைடு. பழுது நீக்கியதும் ஆவிகளும் போய்விட்டன. வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் விசித்திர அனுபவமும் சேர்ந்து வந்தால், தயவுசெய்து முதலில் காற்றைச் சோதியுங்கள். இது உயிர் சம்பந்தப்பட்டது.

ஆனால் மறுக்கும் எங்கள் பக்கத்திலும் அவசர விளக்கங்கள் உலவுகின்றன. காதுக்கு எட்டாத தாழ் ஒலிதான் பேய்க்குக் காரணம் என்று நிறையப் படித்திருப்பீர்கள். 1998-ல் விக் டாண்டி எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது அது. ஆய்வகத்தில் வைஸ் என்ற இடுக்கியில் பிடித்து வைத்த வாள் தானாக அதிர்ந்ததைப் பார்த்து, ஒரு மின்விசிறி எழுப்பிய சுமார் 19 ஹெர்ட்ஸ் ஒலியைக் கண்டுபிடித்தார். அழகான துப்பறியும் கதை. பிறகு கிறிஸ் ஃபிரெஞ்ச் குழுவினர் ஓர் அறையையே கட்டி, தாழ் ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் போட்டும் அணைத்தும் பார்த்தார்கள். 2009-ல் முடிவு வந்தது. பலருக்கு விசித்திர உணர்வுகள் வந்தன, ஆனால் கருவி ஓடியதா ஓடவில்லையா என்பதோடு அவற்றுக்குத் தொடர்பு தெரியவில்லை. ‘ஏதாவது தோன்றலாம்’ என்று சொல்லி அனுப்பியதே போதுமானதாக இருந்திருக்கலாம். ஆகவே தாழ் ஒலியை நான் விளக்கமாகப் பயன்படுத்துவதில்லை.

எது கிடைத்தால் மனம் மாறுவேன்? 2013 பிப்ரவரி 15 காலை செல்யாபின்ஸ்க் மேலே யாரும் எதிர்பார்க்காத ஒன்று வந்தது. சுமார் 20 மீட்டர் பாறை, நொடிக்கு 19 கிலோமீட்டர் வேகம். காரில் பொருத்திய கேமராக்களும் கட்டடக் கேமராக்களும் பல கோணங்களில் பிடித்தன. சதுக்கத்தில் விளக்குக் கம்பங்களின் நிழல் சுழன்ற விதத்தை வைத்தே சாதாரண ஆட்கள் பாதையைக் கணக்கிட்டார்கள். சில நாட்களில் அதன் சுற்றுப்பாதை கிடைத்தது, அக்டோபரில் ஏரியின் அடியிலிருந்து 600 கிலோவுக்கும் மேலான துண்டு வந்தது. ஒரே ஒரு முறை, அரை நிமிடம்கூட இல்லாத நிகழ்ச்சிக்கு இவ்வளவு சான்று. இடிமேகத்துக்கு மேலே செந்நிற ஒளி பாய்வதாக விமானிகள் பல காலம் சொல்லி வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1989 ஜூலையில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தினர் வேறொரு வேலைக்காக கேமராவைச் சோதிக்கும்போது அது தற்செயலாகப் பதிவானது. இன்று அது ஸ்ப்ரைட் என்ற பெயரில் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆக மீதியில் நிஜமான புதியது ஒளிந்திருக்கலாம், ஒளிந்திருந்ததும் உண்டு. 2021-ல் அமெரிக்க உளவுத்துறை பட்டியலிட்ட 144 சம்பவங்களில் ஒன்றை மட்டுமே உறுதியாக விளக்க முடிந்தது. அது காற்றிறங்கும் பெரிய பலூன். மற்ற 143-ஐ நான் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. வேற்றுக்கிரகத்துக்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று இந்தச் சம்பவங்களை ஆராயும் பென்டகனின் பிரிவு 2024 மார்ச்சில் எழுதியதையும் கடைசி வார்த்தையாக எடுக்க வேண்டியதில்லை. ஒரே பொருளை, தூரம் தெரிந்த இரண்டு இடங்களிலிருந்து, ஒரே நொடியில் பிடித்த பதிவு ஒன்று வரட்டும். அன்றைக்கு நானும் உட்கார்ந்து கணக்குப் போடுவேன்.

நீங்கள் எப்போதாவது ஒன்றைப் பார்த்தால், பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதற்கு முன் தனியாக எழுதி வையுங்கள். மணி, நிமிடம், திசை. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று குறியுங்கள். போனில் எடுத்தால் ஜூம் செய்ய வேண்டாம், கூரையோ மரமோ படத்தில் இருக்கட்டும், போனைச் சுவரில் சாய்த்து வைத்து நிறுத்தாமல் எடுங்கள். வரிசையாக ஒளிகள் போனால் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள் எப்போது கடக்கும் என்ற அட்டவணையைப் பாருங்கள். 2019 மே மாதத்துக்குப் பிறகு என்னிடம் வரும் கேள்விகளில் அதுவே பெரும்பகுதி. அப்புறம், அடுத்த நாள் அதே நேரத்தில் அதே இடத்தில் நின்று பாருங்கள். அங்கேயே இருந்தால் கோள் அல்லது நட்சத்திரம். இல்லையென்றால் அந்தக் குறிப்பை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.